கரண்டியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் அம்மம்மா இருந்த வீட்டைப் போன வருடம் காலி பண்ணினோம். அலுமாரியின் கீழ் லாச்சியில், பழைய கலியாண அல்பங்களுக்கும் ஒரு கட்டு மின்சாரப் பில்லுக்கும் அடியில், சின்ன வயதில் எங்களைத் தொடவே விடாத அந்த மரப்பெட்டி இருந்தது. உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு குழி விட்டுச் செய்த பெட்டி. பதினொரு முள்ளுக்கரண்டி, எட்டுச் சாப்பாட்டுக் கரண்டி, ஆறு மீன் கத்தி, பத்து மேசைக்கத்தி, அப்புறம் எந்தக் குழியிலும் அடங்காமல் மேலே கிடந்த தேக்கரண்டிகள், அவை ஒரு றப்பர் பாண்டால் சேர்த்துக் கட்டியபடி.

இந்தப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. பூட்டன் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் கிளாக்கராக இருந்தவர். துரை ஒருவர் வேலை முடிந்து சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமானை ஏலம் விட்டாராம், அதில் பூட்டன் எடுத்த பெட்டி இது, அத்தனையும் முழு வெள்ளி, விக்டோரியா மகாராணி காலத்துச் சாமான் என்பது கதை. மாமா ஒரு படி மேலே போய், முள்ளுக்கரண்டியின் முதுகில் சின்னதாகக் கிரீடம் குத்தியிருப்பதைக் காட்டி, அரண்மனைக்குச் செய்த செட் என்றே சொல்லுவார்.

வீடு காலி செய்த வாரம் அம்மாவும் நானும் இரண்டு முள்ளுக்கரண்டியை எடுத்துக்கொண்டு நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவுக்குப் போனோம். பழகிய கடைதான், பெயர் வேண்டாம். அவர் கையில் வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, நாங்கள் வாய் திறக்கும் முன்பே அரத்தை எடுத்துக் காம்பின் விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளைக்குக் கீழே மங்கிய மஞ்சள் தெரிந்தது. "தங்கச்சி, இது வெள்ளி இல்லை, முலாம். உள்ளுக்கு நிக்கல். இதுக்கு விலை போட ஏலாது" என்றார். அம்மா திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. பஸ்ஸில் ஏறி இருந்தபிறகுதான், "அப்ப அப்பு சொன்னதெல்லாம் பொய்யோ பிள்ளை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இந்த விஷயத்துக்குள் போனேன். அந்தக் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் அவர் பதில் சொன்னது ஒரே ஒரு கேள்விக்கு, இதில் உருக்கி எடுக்க வெள்ளி இருக்கிறதா என்ற கேள்விக்கு. எப்போது செய்தது, எங்கே செய்தது, எப்படி ஒன்று சேர்ந்தது என்ற கேள்விகளை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவற்றுக்குப் பதில் அரத்தால் வராது, சாமானின் முதுகில் குத்தியிருக்கும் முத்திரையைப் படித்தால்தான் வரும். கொழும்பில் இப்படி ஒரு பெட்டி இருக்கும் தமிழ் வீடுகள் இன்னும் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அரம் படும் முன் ஒரு தரம் இதை வாசியுங்கள்.

முதலில் முத்திரையைப் பார்க்கும் விதம். அறை விளக்கில் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு போன் டோர்ச்சைக் கரண்டிக் காம்புக்குக் கிட்டத்தட்டப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். பள்ளமான இடமெல்லாம் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். தேய்ந்த முத்திரை என்றால் முகப்பவுடரை விரலால் தொட்டுத் தடவி மேலாக ஊதிவிடுங்கள், பள்ளத்தில் வெள்ளை தங்கும். நான் முதல் முள்ளுக்கரண்டியை இப்படிப் பார்த்தபோது வரிசையாக நான்கு சின்னக் கேடயங்கள் தெரிந்தன, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு எழுத்து, பழைய பைபிள்களில் இருக்கும் கொத்திக் கொத்தி வளைந்த எழுத்து வடிவம். ஈ, பி, என், எஸ். நான்கையும் அடையாளம் காண எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது, அந்த முதல் ஈ-யை நான் வெகுநேரம் ஏதோ மிருகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்கள். இங்கிலாந்தில் உண்மையான ஸ்டெர்லிங் வெள்ளிச் சாமானை, அதாவது 92.5 சதவீத வெள்ளியை, அரச அனுமதி பெற்ற அலுவலகம் ஒன்று சோதித்து வரிசையாக முத்திரை குத்தும். நடக்கிற சிங்கம் ஒன்று, ஊரைக் காட்டும் சின்னம் ஒன்று, வருடத்தைக் காட்டும் எழுத்து ஒன்று, செய்தவரின் எழுத்துகள். சிங்கம் நம் கொடியில் இருப்பது போலவே முன்காலைத் தூக்கியபடி பக்கவாட்டில் நிற்கும், வாள் மட்டும் கையில் இருக்காது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பேர்மிங்ஹமுக்கு நங்கூரம், ஷெபீல்டுக்குக் கிரீடம். 1784இலிருந்து 1890 வரைக்கும் வரி கட்டியதற்கு அடையாளமாக ராஜா அல்லது ராணியின் தலையும் கூடவே இருக்கும். முலாம் சாமான் செய்த கம்பனிகள் இந்த முத்திரைகளைக் குத்த முடியாது, குத்தினால் குற்றம். ஆனால் அதே அளவில், அதே கேடய வடிவில், அதே வரிசையில் தங்கள் எழுத்துகளைக் குத்துவதை யாரும் தடுக்கவில்லை. தூரத்தில் பார்த்தால் வெள்ளி முத்திரை மாதிரியே இருக்கும். ஆகவே ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள், மற்றதெல்லாம் பிறகு: பழைய சாமானில் சிங்கம் இல்லையென்றால் அது இங்கிலாந்து ஸ்டெர்லிங் இல்லை.

ஈ.பி.என்.எஸ் என்றால் மின்சாரத்தால் முலாம் பூசிய நிக்கல் சில்வர். கடைசி எஸ் சில்வர் என்பதைக் குறித்தாலும் அந்த உலோகத்தில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை, செம்புதான் பெரும்பங்கு. நம் ஆட்களுக்கு இது புதிதல்ல, பூசைத் தட்டு, குங்குமச் சிமிழ் என்று இன்று விற்கும் ஜெர்மன் சில்வர் என்பதும் இதே குடும்பம்தான். ஈ.பி. மட்டும் இருந்தாலும் முலாம்தான். ஈ.பி.பி.எம் என்றால் அடியில் பிரிட்டானியா மெட்டல், ஈயம் போல மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும், வெள்ளீயத்தோடு கொஞ்சம் அன்டிமனியும் செம்பும் சேர்த்தது. ஏ1 என்று குத்தியிருந்தால் அது அந்தக் கம்பனி தன் முலாமின் தடிப்புக்குத் தானே கொடுத்துக்கொண்ட தரம், எந்த அரசாங்கமும் அளந்து கொடுத்ததல்ல. "நெவாடா சில்வர்", "பிரேசிலியன் சில்வர்" என்று பெரிய பெயர்களும் வரும், அவற்றிலும் வெள்ளி இல்லை, மேலே பூச்சுக்கூட இல்லாத வெறும் கலவையாகவே பெரும்பாலும் இருக்கும். காந்தம் கொண்டுவந்து ஒட்டிப் பார்க்கச் சொல்லுவார்கள். நிக்கல் சில்வரும் காந்தத்தில் ஒட்டாது, வெள்ளியும் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையால் எதுவும் தெரியவராது.

முழு வெள்ளி இல்லை என்பது முடிவாகிவிட்டது. ஆனால் போலி என்ற சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பேர்மிங்ஹமில் எல்கிங்டன் குடும்பம் 1840இல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கியபோது அது அந்தக் காலத்தின் புதுத் தொழில்நுட்பம். அதே ஊரைச் சேர்ந்த ஜோன் ரைட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர்தான் பொட்டாசியம் சயனைட் கரைசலில் வைத்தால் வெள்ளி நன்றாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தவர், எல்கிங்டன்கள் அதை அவரிடம் வாங்கிக்கொண்டார்கள். சாமானைச் செய்து முடித்துவிட்டுக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் மேலே வெள்ளி ஒரே சீராகப் படியும். அதற்கு முன் இருந்த முறை வேறு, ஷெபீல்டில் தோமஸ் போல்சோவர் 1740களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது, செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைத்து உருட்டிப் பிறகு சாமான் செய்வது. பழைய ஷெபீல்ட் பிளேட் என்பது அதுதான். தட்டு, மெழுகுவர்த்தித் தண்டு, தேநீர்க் கேத்தல் எல்லாம் அதில் அழகாக வரும், கரண்டிக்கும் முள்ளுக்கரண்டிக்கும் அது அவ்வளவாகச் சரிவரவில்லை. ஆகவே கரண்டியில் ஷெபீல்ட் என்று ஊர்ப்பெயர் குத்தியிருப்பதைக் காட்டி யாராவது பழைய ஷெபீல்ட் பிளேட் என்று விலை கேட்டால் நம்ப வேண்டாம். அது ஊரின் பெயர் மட்டும்.

இனி வருடம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இதில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவதும். ஸ்டெர்லிங் வெள்ளியில் வருட எழுத்து இருக்கும், அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். முலாம் சாமானில் பெரும்பாலும் அப்படி ஒன்று கிடையாது. எல்கிங்டன் மட்டும் 1840களின் தொடக்கத்திலிருந்தே தங்கள் சாமானில் முதலில் எண்ணும் பிறகு எழுத்தும் வருடத்துக்காகக் குத்திவந்தார்கள், அரிச்சுவடி முடிந்ததும் மறுபடி ஏ-யில் தொடங்கும். மற்றக் கம்பனிகளின் சாமானில் கிடைப்பதெல்லாம் ஓரக் குறிப்புகள். ஒவ்வொரு குறிப்பும் ஒரு எல்லையை மட்டுமே சொல்லும், இதற்கு முந்தியது இல்லை என்று, அல்லது இதற்குப் பிந்தியது இல்லை என்று. இரண்டு மூன்று எல்லைகளைச் சேர்த்து நெருக்கிக்கொண்டு வந்தால் ஒரு காலம் கிடைக்கும். நான் எங்கள் பெட்டியை வைத்தே சொல்கிறேன்.

முள்ளுக்கரண்டிகளில் இருந்து தொடங்குவோம். நான்கு கேடயத்துக்கு முன்னால் மாமாவின் கிரீடம், அதன் கீழ் கம்பனி எழுத்துகள், பத்துக் கரண்டியில் தேய்ந்து போய்விட்டன. கிரீடம் அரண்மனையைக் குறிப்பதல்ல, கம்பனிகள் அழகுக்கும் கௌரவத்துக்கும் போட்டுக்கொண்டது. பிரச்சினை என்னவென்றால் ஷெபீல்ட் அலுவலகம் உண்மையான வெள்ளிக்குக் குத்தும் ஊர்ச் சின்னமும் கிரீடம்தான் (1975இல்தான் அதை ரோசாப்பூவாக மாற்றினார்கள்). குழப்பம் வருகிறது என்று 1896இல் முலாம் சாமானில் கிரீடம் குத்துவதை நிறுத்தவைத்தார்கள். அப்படியானால் கிரீடம் இருக்கும் எங்கள் முள்ளுக்கரண்டிகள் 1896க்கு முந்தியவை, மின்முலாம் என்பதால் 1840க்குப் பிந்தியவை. விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. மாமா சொன்ன அரண்மனை தவறு, அம்மம்மா சொன்ன ராணி காலம் சரி! இதை அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது இரவு பதினொரு மணி, அவர் உடனே மாமாவுக்கு எடுத்துவிட்டார்.

சாப்பாட்டுக் கரண்டி எட்டும் முள்ளுக்கரண்டிக்கு ஜோடி என்றுதான் எல்லோரும் நினைத்தோம், காம்பின் வடிவம் அச்சாக ஒன்றே. நுனி வட்டமாகி மெதுவாகக் கீழ்ப்பக்கம் வளையும் வடிவம், ஓல்ட் இங்கிலிஷ் என்பார்கள். ஆனால் முதுகைத் திருப்பினால் கேடயங்கள் இல்லை, கிரீடம் இல்லை, அதற்குப் பதில் ஒரு சின்ன முக்கோணக் கொடி, கொடிக்குள் டபிள்யூ அண்ட் எச். ஷெபீல்டைச் சேர்ந்த வோக்கர் அண்ட் ஹோல். கொடிக்குப் பக்கத்தில் இங்கிலாந்து என்ற சொல். அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த சுங்கச் சட்டம், வெளியிலிருந்து வரும் சாமானில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சொன்னது, 1891 முதல் நடைமுறை. அதற்குப் பிறகுதான் இங்கிலாந்து என்ற சொல் பரவலாகக் குத்தப்பட்டது, மேட் இன் இங்கிலாந்து என்று முழுதாக இருப்பது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில். இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கக் கூடாது. இலங்கைக்கு வந்த சாமானுக்கு அமெரிக்கச் சட்டம் பொருட்டல்ல, ஆகவே நாட்டின் பெயர் இல்லாததால் மட்டும் அது 1891க்கு முந்தியது என்று ஆகிவிடாது. இருந்தால் சாட்சி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

லிமிடெட் என்ற சொல்லும் இதே போலத்தான். பிரிட்டனில் வரையறுத்த பொறுப்புக் கம்பனிக்கான சட்டம் 1855இல் வந்தது, அதற்கு முன் அந்தச் சொல் வர வழியில்லை. ஆனால் இந்தத் தொழிலில் இருந்த பெரிய பெயர்கள் மெதுவாகத்தான் மாறின, எல்கிங்டனே 1887இல்தான் லிமிடெட் ஆனது. கம்பனிச் சின்னங்கள் சிலவற்றைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் வேலை பாதி குறையும். எக்காளம் இருந்தால் ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், குறுக்கிட்ட அம்புகள் என்றால் வில்லியம் ஹட்டன், பிரின்ஸஸ் பிளேட் என்று எழுதியிருந்தால் மாப்பின் அண்ட் வெப். சில நேரம் செய்தவர் பெயரே இருக்காது, விற்ற கடையின் பெயரோ ஹோட்டல் பெயரோ கப்பல் கம்பனியின் பெயரோதான் இருக்கும். ஹோட்டல் சாமான் என்றால் தூக்கிப் பார்த்தாலே தெரியும், வீட்டுச் சாமானை விடக் கனம் கூட.

மீன் கத்திகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், எங்கள் பெட்டியிலேயே மிகத் துல்லியமாகக் காலம் சொல்பவை அவைதான். கத்தியின் தட்டையான பக்கத்தில் இலையும் கொடியுமாகச் செதுக்கிய வேலை, பின்புறம் ஆர்.டி. நம்பர் என்று போட்டு ஆறு இலக்கம், முதல் மூன்று இலக்கம் 316. இது பதிவு செய்த வடிவத்தின் எண். பிரிட்டனில் 1884 ஜனவரியில் 1 என்று தொடங்கி வரிசையாக ஏறிக்கொண்டே போன எண்கள், 1900 தொடங்கும்போது மூன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. மூன்று இலட்சத்துப் பதினாறாயிரம் என்றால் 1898. வடிவத்தைப் பதிந்த வருடம் அது, கத்தி அதே வருடம் செய்தது என்று அர்த்தமில்லை, நன்றாக விற்ற வடிவத்தைப் பல வருடம் செய்திருப்பார்கள். ஆனால் 1898க்கு ஒரு நாள் முந்தியிருக்க வழியில்லை. 1884க்கு முந்திய பதிவு என்றால் எண்ணுக்குப் பதில் சின்ன வைர வடிவக் கட்டம் ஒன்று இருக்கும், மூலைக்கு ஒரு எழுத்தோ எண்ணோ வைத்து, 1842 முதல் 1883 வரை அதுதான் முறை. அதைக் கண்டால் நாள் மாதம் வருடம் மூன்றையும் எடுத்துவிடலாம், அப்படி ஒன்று என் கையில் கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

மேசைக்கத்திகள்தான் எல்லோரையும் ஏமாற்றியவை. கைப்பிடி தந்தம் போல மஞ்சளித்து மிகப் பழையதாகத் தெரியும். ஆனால் அலகில் ஸ்டெயின்லெஸ் என்று இருக்கிறது. கறை பிடிக்காத உருக்கை ஷெபீல்டில் ஹரி பிரேர்லி செய்தது 1913இல். அதற்கு முன் கத்தி அலகெல்லாம் சாதாரண உருக்கு, தேசிக்காய் பட்டாலே கறுக்கும், நம் சமையலில் புளியும் கொறுக்காயும் இருக்கையில் அந்த அலகுகள் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே எவர்சில்வர் அலகு உள்ள கத்தி முதலாம் உலகப்போரை ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தியது. கைப்பிடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோடுகள் ஒரே இடைவெளியில் நேர்நேராக ஓடுகின்றன, அது செல்லுலொயிட். தந்தத்தின் ரேகை அப்படி அளந்து வைத்தது போல இருக்காது, வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் வளைவுகளாக வரும். சூடான ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்லும் ஆட்களின் பேச்சைக் கேட்காதீர்கள், செல்லுலொயிட் குப்பென்று பற்றக்கூடியது.

கடைசியாகத் தேக்கரண்டிகள். அவற்றில் மூன்று மட்டும் வேறு, முதுகில் 90 என்ற எண். 90 சதவீத வெள்ளி என்று ஒரு உறவினர் அடித்துச் சொன்னார். இல்லை. ஜெர்மன் கம்பனிகளின் வழக்கம் அது, சாப்பாட்டுக் கரண்டி ஒரு டசினுக்கும் முள்ளுக்கரண்டி ஒரு டசினுக்கும் சேர்த்து 90 கிராம் வெள்ளியை முலாமாகப் பூசும் தடிப்பு என்று பொருள். பிரான்சில் 84 என்று வருவதும் இதே கணக்குத்தான். 800 என்று மூன்று இலக்கத்தில் இருந்தால் அது உண்மையான வெள்ளி, ஆயிரத்தில் எண்ணூறு பங்கு. எண்ணைக் கண்டதும் வருடம் என்று நினைப்பதும் இப்படியான தவறுதான். கறுவாத்தோட்டத்தில் ஒரு வீட்டு விற்பனையில் 1847 ரொஜர்ஸ் பிரதர்ஸ் என்று குத்திய அமெரிக்கக் கரண்டிகளை நூற்றெழுபது வருடப் பழசு என்று சொல்லி விலை கேட்டார்கள். அந்த 1847 வியாபாரப் பெயரின் பகுதி. இருபதாம் நூற்றாண்டில் செய்த கரண்டியிலும் அதே 1847தான் இருக்கும்.

ஆக எங்கள் செட் ஒரு செட்டே இல்லை. முள்ளுக்கரண்டி 1896க்கு முன், சாப்பாட்டுக் கரண்டி பெரும்பாலும் 1891க்குப் பின், மீன் கத்தி 1898 அல்லது அதற்குப் பின், மேசைக்கத்தி முதலாம் உலகப்போரை ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தியது, தேக்கரண்டியில் மூன்று வேறு நாடு. முள்ளுக்கரண்டிக் காம்பில் செதுக்கிய எழுத்து எச், சாப்பாட்டுக் கரண்டியில் டி, ஆகவே குறைந்தது இரண்டு குடும்பங்களின் மேசையில் இருந்தவை. ஒரு ஏலத்தில் ஒரே துரையிடம் வாங்கிய பெட்டி என்ற கதை அப்படியே நிற்காது. ஆனால் ஓல்ட் இங்கிலிஷ் முள்ளுக்கரண்டிக்கு ஓல்ட் இங்கிலிஷ் கரண்டியையே தேடிப் பிடித்து, குறைந்ததைச் சேர்த்து, உடைந்ததற்குப் பதில் வைத்து, யாரோ ஒருவர் பல வருடம் இந்தக் குழிகளை நிரப்பியிருக்கிறார். பூட்டன் கிளாக்கர் சம்பளத்தில் அதைச் செய்தார் என்று நான் நம்புகிறேன், அம்மாவும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்.

தேய்மானத்தையும் பாருங்கள், அதுவும் ஒரு முத்திரைதான். கரண்டியைக் கவிழ்க்காமல் மேசையில் வைத்தால் எந்த இடம் தட்டுமோ, குழியின் முதுகில் அந்த ஒரு சதத்தளவு இடத்தில் முலாம் முதலில் போகும். முள்ளுக்கு நுனிகள். எங்கள் சாப்பாட்டுக் கரண்டிகளில் அந்த இடம் மஞ்சள் கலந்த சாம்பலாகத் தெரிகிறது, மீன் கத்திகளில் ஒரு கீறல்கூட இல்லை, எங்கள் வீட்டில் மீனைக் கத்தியால் சாப்பிட்டவர் யாரும் இருந்ததில்லை.

துலக்குவதைப் பற்றி ஒரு விஷயம். நம் வீடுகளில் வெள்ளி விளக்கைத் திருநீற்றால் தேய்ப்பது போல அம்மம்மா இவற்றையும் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தேய்த்திருக்கிறார். முழு வெள்ளிக்கு அது பெரிய கேடு செய்யாது, முலாமுக்குச் செய்யும், ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி துணியோடு போகும், அந்தப் பத்து முள்ளுக்கரண்டியில் கம்பனி எழுத்துகள் போனதும் அப்படித்தான் இருக்க வேண்டும். பற்பசையும் வேண்டாம். பெரிய பீங்கான் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கரண்டிகள் தாளைத் தொடும்படி வைத்து, அப்பச்சோடா தூவிக் கொதிநீர் ஊற்றுங்கள். கறுப்பு என்பது வெள்ளியோடு கந்தகம் சேர்ந்தது, கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும், வெள்ளி கரண்டியிலேயே தங்கும். அழுகிய முட்டை மணம் வரும், பயப்பட வேண்டாம். கைப்பிடி வைத்த கத்திகளை மட்டும் இதில் போடக் கூடாது, அலகைக் கைப்பிடிக்குள் பிசின் ஊற்றித்தான் பிடிக்க வைத்திருப்பார்கள், சூட்டில் இளகிக் கழன்றுவிடும். புதிதாக முலாம் பூசித் தருகிறோம் என்பவர்களிடம் நான் கொடுக்க மாட்டேன். பூசும் முன் இயந்திரத்தில் மெருகு போடுவார்கள், மிச்சமிருக்கும் முத்திரையும் அதோடு சரி.

அம்மா இப்போது சாப்பாட்டுக் கரண்டிகளைப் பெட்டியில் வைப்பதில்லை, வெள்ளிக்கிழமைகளில் சொதி ஊற்ற ஒன்றை எடுக்கிறார். மற்றவற்றைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். தேக்கரண்டிக் கட்டின் றப்பர் பாண்டை நான்தான் வெட்டி எடுத்தேன், இளகிக் காம்போடு ஒட்டிப் போயிருந்தது. றப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், அது வெள்ளியைத் தின்னும். அலுமினியத் தாள் வைத்தியத்தை இரண்டு தடவை செய்தும் மூன்று ஜெர்மன் கரண்டியின் காம்பில் அந்தக் கறுப்புக் கோடு போகவில்லை, நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுகிறது.